இரண்டாம் மூச்சை அறிவித்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துப் பக்கமிருந்து காற்றடித்தால் அவர் குரல் விவேக் நகரில் எங்கள் சமையலறைவரை வந்துவிடும். நான் மீன் கழுவிக்கொண்டிருப்பேன். யாரோ ஒரு லெஃப்ட் அவுட் பந்தைக் கோட்டைவிட்ட விவரம் எனக்கு உடனுக்குடன் தெரிந்துவிடும். எனக்குக் கால்பந்தில் துளியும் ஆர்வம் கிடையாது. ஆனால் அவர் சொன்னால் காது கொடுக்காமல் இருக்க முடியாது. குக்கர் விசிலை எண்ண மறந்து பருப்பைக் குழையவிட்ட ஞாயிறுகள் எனக்கு நிறைய உண்டு.

அவருடைய பெயர் வேண்டாம். காம்பவுண்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் பால்காரருக்கும் அவர் மைக் அங்கிள்தான். காம்பவுண்டின் முதல் வீடு அவருடையது, கடைசி வீடு எங்களுடையது. கோலார் தங்கவயலில் பிறந்து சின்ன வயதிலேயே பெங்களூருக்கு வந்தவர். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தார். திங்கள் முதல் சனிவரை அவர் இருக்கிற இடம் தெரியாது. கேரியரைத் தூக்கிக்கொண்டு போவார், வருவார். தொண்டைக்காக வாயில் எப்போதும் ஒரு துண்டு அதிமதுரம் இருக்கும். ஞாயிறு வந்தால் வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, கையில் ஒரு கைக்குட்டையோடு கிளம்புவார். வாடகை மைக் சில நேரம் ஷாக் அடிக்கும். அதைக் கைக்குட்டையில் சுற்றித்தான் பிடிப்பார்.

அந்த ஆளும் இந்த ஆளும் ஒருவர்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். மைக்கைப் பிடித்ததும் தமிழ், கன்னடம், இங்கிலீஷ், பக்கத்துப் பேட்டை நீலசந்திராவின் பாய்களுக்காகக் கொஞ்சம் உருது, எல்லாம் வரிசையாக வந்து விழும். பந்து எங்கே இருக்கிறது என்பதைவிட யார் எப்படி மூச்சு வாங்குகிறார் என்பதுதான் அவருக்கு முக்கியம். தோற்றுக்கொண்டிருக்கிற அணி என்றால் அவருக்கு உயிர். யாராவது ஒருவன் நடுவில் தளர்ந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஓடினால் போதும், அவன் மேல் கண்ணை வைத்துவிடுவார்.

"பையன் ஓடிக்கினு கீறான், கால் ஓடுது, மூச்சு ஓடல. நோடி சுவாமி, பாருங்க, விடாம ஓடறான். இரு, இரு, இதோ வருது. வந்துட்டுச்சு. லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன், செகண்ட் விண்ட் வந்துட்டுச்சு."

உண்மையில் ஒன்றும் வந்திருக்காது. பையனுக்கு நாக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் மைதானமே கைதட்டும்போது வரவில்லை என்று எப்படி நிற்பது? முதுகை நிமிர்த்தி நாலடி வேகமாக எடுத்து வைப்பான். அந்த நாலடியில் ஏதோ ஒன்று நிஜமாகவே வந்துவிடும். அவர் பொய் சொல்லித் தொடங்கியது, முடியும்போது உண்மையாகியிருக்கும்.

நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். எட்டாம் வகுப்புக்கு மரபுத்தொடர்கள் எடுப்பது என் வேலை. சோர்ந்துபோன உயிர் மறுபடி நிமிர்வதைச் சொல்ல அந்த மொழியில் சில தொடர்கள் இருக்கின்றன. பிள்ளைகள் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டுவிடுவார்கள். நான் இப்படிப் பிரித்துச் சொல்வேன். 'நியூ லீஸ் ஆஃப் லைஃப்' என்றால், இனி அவ்வளவுதான் என்று நினைத்த ஒன்றுக்கு மேலும் காலம் கிடைப்பது. ஆபரேஷன் முடிந்து வந்த மனிதருக்கும் சொல்லலாம், பெயிண்ட் அடித்த பழைய நாற்காலிக்கும் சொல்லலாம். 'ஷாட் இன் தி ஆர்ம்' என்பது வெளியிலிருந்து வருகிற உதவி. தள்ளாடுகிற கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் கிடைத்தால் அப்படி எழுதலாம். 'செகண்ட் விண்ட்' அப்படியில்லை. அது ஓடுகிறவனுக்கு மட்டும் வாய்ப்பது. ஓடும்போது ஓரிடத்தில் மூச்சு முட்டும், விலா பிடித்துக்கொள்ளும், நின்றுவிடலாமா என்றிருக்கும். நிற்காமல் போனால் கொஞ்ச தூரத்தில் மூச்சு தானாகவே சீராகும். அந்த இரண்டாவது மூச்சுதான் அது. ஓட்டத்துக்கு மட்டுமல்ல, பாதி வேலையில் அசந்துபோய்ப் பிறகு மறுபடி சுறுசுறுப்பு வருகிற எவருக்கும் சொல்லலாம். ஆனால் நாற்காலிக்குச் சொல்ல முடியாது. அதை ஒருவருக்கு இன்னொருவர் எடுத்துக் கொடுத்ததாக எழுதினால் நான் மார்க்கில் கைவைப்பேன்.

இதை ஒருநாள் குழாயடியில் அவரிடமும் சொன்னேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் எட்டாம் வகுப்பைக் கெடுக்கிறீர்கள், அது அறிவிப்புப் போட்டு வருகிற சமாசாரம் இல்லை என்றேன். ரேடியோவில் வெள்ளைக்காரன் ஹாக்கி வர்ணனை சொல்லக் கேட்டுப் பிடித்துக்கொண்ட வார்த்தை அது என்றார். பிடித்ததிலிருந்து விடவில்லையாம். குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக் குழாயை மூடினார்.

"தானா வரும்ன்றீங்க. சரி. யாராச்சும் கூப்ட்டா கொஞ்சம் ஜல்தியா வரும் டீச்சர்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

மைதானத்தோடு விட்டாரா என்றால் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் காம்பவுண்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து கல்கலாப் பலகாரம் உருட்டுவோம். சீப்பின் பின்பக்கத்தில் மாவை வைத்து ஒவ்வொன்றாகச் சுருட்ட வேண்டும். மலைபோல மாவு இருக்கும், விரல் மரத்துப்போகும். ஒரு வருஷம் பாதி மாவிலேயே எல்லோரும் கையை உதறிவிட்டோம். அங்கிள் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வாயருகே டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். மூன்றாம் வீட்டு மருமகளின் கட்டைவிரல் வேகத்தை வர்ணித்தார். அவளுடைய மாமியார் மாவைத் தின்றுகொண்டே உருட்டுவதாகக் குற்றம் சாட்டினார். நாங்கள் சிரித்துச் சிரித்து மாவு தீர்ந்தது தெரியாமல் முடித்தோம். எண்ணெய்ச் சட்டியருகே நின்ற அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"இவுரு வாயத் தொறந்துட்டா ஆட்டந்தான் தெரியும். எதிர்ல கீற ஆளு தெரியாது," என்று என்னிடம் சொன்னார் ஆன்ட்டி.

நான் அதை வீட்டுக்கு வீடு பெண்கள் சொல்கிற குறை என்று எடுத்துக்கொண்டேன்.

அவரிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. ஆட்டத்தைவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த ஆளின் பெயர் மைக்கில் வராது. அவருடைய சொந்த மைத்துனர் ஒரு தடவை முழங்காலைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தார். முதல் பாதியில் பிரமாதமாக ஆடியவர். தன் பெயரைச் சொல்லும்படி சைகையெல்லாம் காட்டினார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உக்காந்தவனுக்கு இன்னா கமெண்ட்ரி? எழுந்து வரட்டும், ஒண்டியா அவனுக்கே சொல்றேன்," என்று மைக்கிலேயே சொன்னார். மைதானம் சிரித்தது. மைத்துனர் அந்த ஈஸ்டருக்கு வீட்டுக்கு வரவில்லை.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் வேலை பார்த்த ஃபேக்டரியில் விருப்ப ஓய்வு என்று ஒன்றை அறிவித்தார்கள். தொண்ணூறுகளில் பெங்களூரில் எந்தத் தெருவில் கேட்டாலும் இந்தக் கதை கிடைக்கும். நாற்பத்திரண்டு வயதில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முதலில் தினமும் ஷேவ் செய்தார், பிறகு அதுவும் இல்லை. நான் பள்ளிக்கூடம் போகும்போது எந்த நாற்காலியில் இருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதே நாற்காலியில் இருப்பார். கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார். எனக்குப் பயமாக இருந்தது. சம்பளத்தை நான் பார்த்துக்கொள்வேன். ஆளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மைக் அங்கிள்தான் வந்து தூக்கிக்கொண்டு போனார். நாற்பது தாண்டியவர்களுக்கு ஓர் அணி சேர்த்திருந்தார்கள். தொப்பை டீம் என்று பெயர். என் வீட்டுக்காரர் தங்கவயலில் பள்ளிக்கூட நாளில் கால்பந்து ஆடியவர். அந்த விஷயம் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்து அங்கிள் மூலமாகத்தான் எனக்கே தெரிந்தது. முதல் ஞாயிறு போய்விட்டு வந்து காலைத் தைலத்தில் ஊறவைத்துக்கொண்டு கிடந்தார். இரண்டாவது ஞாயிறு எனக்கு முன்னால் எழுந்தார். ஒரு மாதத்தில் ஆள் மாறிவிட்டார். ஷூவுக்குப் பாலிஷ் போடுவது என்ன, சந்தையில் கத்திரிக்காய் பேரம் பேசுவது என்ன, பாத்ரூமில் சீழ்க்கை என்ன. ஆடுகோடிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கணக்கும் ஸ்டாக்கும் பார்க்கிற வேலையையும் தானே போய்ப் பேசி முடித்துக்கொண்டு வந்தார். அந்த வாரம் எட்டாம் வகுப்பில் 'நியூ லீஸ் ஆஃப் லைஃப்' வந்தபோது நான் நாற்காலியை உதாரணம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் என்று ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம் ஒரு தூக்கு நிறைய மட்டன் பிரியாணி அங்கிள் வீட்டுக்குப் போயிற்று. நன்றி என்றால் என்ன என்று அந்த வருஷம் முழுக்க எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த மூத்தவர்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூச்சு தீர்ந்தவர் கையைத் தூக்கினால் போதும். ரெஃப்ரியிடம் போய் நிற்க வேண்டியதில்லை. மைக் பிடிப்பவர் அதைப் பார்த்து, இன்னார் வெளியே, இன்னார் உள்ளே என்று அறிவிப்பார், ஆள் மாறிவிடும். கொஞ்சம் ஆறிவிட்டு மறுபடி உள்ளே வரலாம். வயதான உடம்புக்காக அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு அது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள் அதை நம்பித்தான் இறங்கினார்கள்.

அந்த ஏற்பாட்டோடும் அங்கிள் விளையாடுவார். சோம்பேறித்தனமாகக் கை தூக்குகிறவர் யாரென்று அவருக்குத் தெரியும். "கை மேல போச்சு, ஆனா கால் நிக்கல, அதனால நான் பாக்கல," என்று அறிவிப்பார். கை தூக்கியவர் அசடு வழிந்துகொண்டு மறுபடி ஓடுவார். இது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், கை தூக்கியவரும் சேர்ந்து. அதனால்தான் யாருக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

அந்த ஞாயிறு நானும் மைதானத்தில் இருந்தேன். கோப்பை ஆட்டம் என்று பெண்களுக்குத் தனியாக ஷாமியானா போட்டிருந்தார்கள். தொப்பை டீம் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் நடுக்கோட்டருகே நின்று கையைத் தூக்கினார். இடது கையால் மார்பைத் தடவிக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். வெயில் என்று நினைத்தேன்.

மைக்கில் குரல் வந்தது. செல்வா கை தூக்குகிறார், தங்கவயல் பையன் கை தூக்குகிறார், ஆனால் கால் இன்னும் நிற்கவில்லை என்றது. பிறகு அந்த அறிவிப்பு. செகண்ட் விண்ட் வந்துட்டுச்சு. மைதானம் எழுந்து நின்று தட்டியது. வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் கையை இறக்கிவிட்டு ஓடினார். வலது ஓரமாக ஒரு பதினெட்டு வயதுப் பையனைப் போல ஓடினார். அவர் தூக்கிக் கொடுத்த பந்தில் கோல் விழுந்தது. எல்லோரும் கோல் போட்டவனைக் கட்டிப்பிடிக்க ஓடியபோது அவர் மூலைக் கொடியருகே உட்கார்ந்தார். பிறகு படுத்தார்.

ஆட்டோவில் கொண்டுபோனோம். மாரடைப்பு என்றார்கள். சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார்கள். உள்ளே விடாமல் என்னைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்திருந்தபோது அங்கிள் வந்தார். கைக்குட்டை இன்னும் கையில் இருந்தது.

"அவர் கை தூக்கினார். நீங்க பாத்தீங்களா இல்லியா அங்கிள்?" என்று கேட்டேன்.

"பாத்தேன் டீச்சர்."

தெரியாமல் நடந்துவிட்டது என்றோ, எப்போதும் செய்வதுதானே என்றோ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"இனிமே எங்க வீட்டாளு பேரு உங்க வாயில வரக்கூடாது," என்றேன்.

தலையை ஆட்டினார். போய்விட்டார். அன்று நான் சொன்னதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அந்த நேரத்தில் ஒரு மனைவி சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன்.

ஆனால் அவர் என் பேச்சைத் தேவைக்கு அதிகமாகவே கேட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் பெயரை மட்டுமல்ல, யார் பெயரையும் சொல்வதை நிறுத்திக்கொண்டார். அடுத்த ஞாயிறு மைதானத்திலிருந்து வேறு யாரோ பேசினார்கள். பந்து இங்கே போகிறது, பந்து அங்கே போகிறது என்று, பேருந்து நிலையத்தில் வண்டி அறிவிப்பது மாதிரி. வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலில் நவநாள் கூட்டம் நெரியும்போது காணாமல் போன பிள்ளைகளின் பெயரை வாசலில் நின்று கூவுவதும் அங்கிள்தான், அதற்கும் போகவில்லை. குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஆன்ட்டி என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வீட்டில் சாப்பாடு வேண்டுமா என்றால்கூடத் தலையைத்தான் ஆட்டுகிறார் என்று மட்டும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். ஒன்றை மட்டும் செய்யவில்லை. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதலில் வாசல்வரை, பிறகு தெருமுனைவரை, பிறகு சர்ச்வரை. இவர் கட்டிலைவிட்டுப் பாத்ரூமுக்கும் பாத்ரூமைவிட்டுக் கட்டிலுக்கும் நடந்தார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுபடி காட்டப் போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் அடிபட்ட இடத்திலிருந்து தேறிக்கொண்டு வருகிறது, ஆனால் இப்படியே கிடந்தால் அது பலப்படாது, இப்போது இவருக்கு ஆபத்து நடப்பதில் இல்லை, படுத்துக் கிடப்பதில்தான் என்றார். பயத்தை எடுக்க என்னிடம் மருந்து இல்லை என்றும் சொன்னார்.

நான் கெஞ்சினேன், அதட்டினேன், பிள்ளைகளைவிட்டுச் சொல்லவைத்தேன். என் அண்ணன் வந்து கையைப் பிடித்து இழுத்தார். எதற்கும் அசையவில்லை. ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல், நீங்கள் வாழ விரும்புகிறீர்களா இல்லையா, அதையாவது சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"அங்கிள் ஒரு வாட்டிகூட வந்து பேசல, கவனிச்சியா? டாக்டர் அவருகிட்ட எதுனா சொல்லியிருப்பாரு. உங்கிட்ட சொல்லல. முடிஞ்சிட்ட ஆளுன்னு அவருக்குத் தெரியும். அதான் எம்பேரு எடுக்கறதில்ல."

மாரடைப்பு வந்ததற்கு அங்கிளின் வாய் காரணமோ என்னவோ, கட்டிலில் கிடப்பதற்கு அவருடைய மௌனம்தான் காரணம். அந்த மௌனம் நான் போட்டது. தாழ்வாரத்தில் நான் சொன்னது இவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நடந்ததை அப்போதே அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. என்னைத் தேற்றுவதற்காகக் கதை கட்டுகிறாய் என்றார். இனி என் வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. செருப்பைக்கூடப் போடாமல் முதல் வீட்டுக்கு நடந்தேன்.

அங்கிள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். உட்காரச் சொன்னேன். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். நாளைக் காலை வந்து அவரோடு நடங்கள், வாயைத் திறந்து நடங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் விடவில்லை. ஆன்ட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவருகே நின்றார்.

"என் வாய நம்பி இன்னொரு வாட்டியா டீச்சர்?" என்றார் கடைசியில். குரல் துருப்பிடித்திருந்தது. "திரும்பியும் தப்பா சொல்லிட்டேன்னா?"

"நீங்களா எதையும் சொல்லாதீங்க. அவரைக் கேளுங்க. அவர் இன்னா சொல்றாரோ அதச் சொல்லுங்க. போதும்," என்றேன்.

அதிலென்ன இருக்கிறது என்பதுபோல ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி, "இத்தன வருசத்துல நீங்க யாரையும் கேட்டதே இல்லியே," என்றார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். குழாயடியில் நான் சொன்னதையும் ஆன்ட்டி எப்போதும் சொல்வதையும் அவர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். என் வீட்டுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவு நாளில் தானாக எழுந்து உட்கார்ந்தது அன்றுதான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கிளின் உதடு அசைகிறது, சத்தம் இல்லை. நான் சட்டையைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் காம்பவுண்டைக் கடந்து கேட்வரை போனார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனேன்.

கேட்டருகே என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். பிறகு திரும்பி வீட்டைப் பார்த்தார். திரும்பிவிட்டால் மறுபடி ஒருநாள் கூட்டிவர முடியாது என்று எனக்குத் தெரியும்.

"எப்டி கீது செல்வா?" என்று கேட்டார் அங்கிள். அந்தக் கேள்வியில் வர்ணனை எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கால் நடுங்குது. மார்ல வலி ஒண்ணும் இல்ல. பயமா கீது," என்றார் இவர்.

அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆரம்பத்தில் கிசுகிசு என்றுதான் வந்தது, போகப் போகச் சத்தம் ஏறியது. செல்வா கேட்டில் நிற்கிறார் என்றார். கால் நடுங்குகிறதாம், மாரில் வலி இல்லையாம், பயம் இருக்கிறதாம் என்றார். ஒரு வார்த்தையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். பயமாக இருக்கிறதென்று தெருவுக்கே கேட்கும்படி தன்னைப் பற்றிச் சொன்னதில் என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பியை விட்டார். தெருவில் காலை வைத்தார்.

அப்படியே போனார்கள். நாலடிக்கு ஒருமுறை அவர் கேட்பார், இவர் சொல்வார், அதை அவர் தெருவுக்கு அறிவிப்பார். வியர்க்கிறது. கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. இப்போது அவ்வளவாக வாங்கவில்லை. நின்று போகலாம். நின்றார்கள். மெழுகுவர்த்திக் கடைக்காரர் ஸ்டூலைத் தூக்கிப் போட்டார். இவர் அதில் உட்கார்ந்தார். அங்கிள் ஸ்டூலின் பக்கத்தில் நின்றுகொண்டு, செல்வா உட்கார்ந்திருக்கிறார், நல்ல பந்தாவாக உட்கார்ந்திருக்கிறார் என்று அறிவித்தார். உட்கார்ந்த ஆளுக்கு அவர் வர்ணனை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்ற எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன். தெருவில் நின்று அழுவதற்கு எனக்கு வெட்கமாக இல்லை.

இவர் எழுந்தார். தெருமுனைவரை போதும் என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம். முனை வந்தது. அங்கிள் அங்கே நின்று, மறுபடி கேட்பதற்காக இவர் முகத்தைப் பார்த்தார். கேட்க முடியவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு திரும்பியது.

என் வீட்டுக்காரர் அவர் தோளில் கைபோட்டார்.

"மூச்சு கீது அங்கிள். நீங்க பேசுங்க," என்றார்.